மீதி ஒன்று

வேலந்தாவளம் எடைமேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
தக்காளி லாரி ஏறினால் எண்கள் ஓடி நிற்கும்.
கூடையிலிருந்து உருண்ட ஒற்றைப் பழம்
மேடை நடுவே கிடந்தாலும்
சிவப்பு எழுத்தில் சுழிதான்.

பகல் எனக்கு, இரவு சுதேவனுக்கு.
ஏழு மணிக்குக் கைமாறும்.
கல்லாவை எண்ணிச் சொல்லி
எங்களுக்குள் பொதுவாயிருந்த ஒரே சாவியை
மேசைமேல் வைத்துவிட்டுக்
காலையில் அவர் கொழிஞ்சாம்பாறைக்கு,
மாலையில் நான் பிச்சனூருக்கு.
பேச்சு அவ்வளவுதான்.

வண்டி வராத ஓர் ஆடி மழை மத்தியானம்
ரசீதுச் சுருளின் பின்பக்கம் கிறுக்கிவைத்தேன்:
இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று.
முன்னிரண்டைக் கூட்டினால் அடுத்தது,
வேறொன்றும் நினைக்கவில்லை.
மறுநாள் காலை
எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
பச்சை மையில் ஓர் ஐந்து.

ஐந்து ரூபாய் குறைகிறதோ என்று
கல்லாவை இரண்டு தடவை எண்ணினேன்.
குறையவில்லை.
ஐந்தின் காலடியில், துணைக்கால் விழுங்கிய தமிழில்:
'பெருக்கு. பதிமூணப் பிரி.'

கழித்துப் போட்ட கூடையிலிருந்து பழம் எடுத்து
வரிசைக்கு ஐந்தாக எட்டு வரிசை
தரையில் அடுக்கினேன். நாற்பது.
பதின்மூன்று, பதின்மூன்று, பதின்மூன்றாக
மூன்று குவியல் ஒதுக்கியபின்
நாற்காலிக்காலோரம் ஒன்று நின்றது.
அதை உப்புத் தொட்டுத் தின்றேன்.

அப்புறம் நாங்கள் நிறுத்தவில்லை.
பதின்மூன்றை இருபத்தொன்றுக்குள் வைத்தேன்.
பதின்மூன்றே போதும் என்று எழுதியிருந்தார்,
தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு
ஒன்றை மிச்சம் வைக்கிற எண் அது.
இருபத்தொன்றை முப்பத்துநாலுக்குள் வைத்தேன்.
அது தனியாக முடியாதது,
பின்னால் விட்டுவந்த பதின்மூன்றைக் கூப்பிட்டது.
முப்பத்துநாலு மறுபடி தனக்குத் தானே.
ஐம்பத்தைந்து திரும்பிப் பார்த்தது.
இப்படி ஒன்றுவிட்டு ஒன்று.
ஏனென்று நான் கேட்கவில்லை,
கேட்க ஏழு மணியில் நேரமும் இல்லை.

அந்த ஏழும்கூட அப்படித்தான்.
ஏழேழு நாற்பத்தொன்பது,
கடிகாரத்தை நாலு சுற்றுச் சுற்றி ஒரு மணியில் நிற்கும்.
எட்டு மணிக்கு அந்த யோகமில்லை,
எத்தனை எட்டு வைத்தாலும்
முள் ஒன்றைத் தொடாது.

மடக்கிப் பார்க்க ஒருநாள்
வரிசையை உடைத்து எழுதினேன்: ஆறு, ஒன்பது.
மூன்று நாள் இடம் காலியாய்க் கிடந்தது.
நாலாம் நாள் மலையாள எழுத்தில் ஒரு சொல்.
பஸ் போர்டு படித்துப் பழகிய கண்,
கூட்டிப் படித்தேன்: இல்ல.

அன்று முழுக்க ஆறாறாகக் கூட்டினேன்.
ஆறு, மூன்று, சுழி. ஆறு, மூன்று, சுழி.
இரண்டுக்கும் நடுவில் மூன்று சொந்தம்.
சொந்தம் இருக்கிற இடத்தில்
ஒன்றைத் தனியாய் நிற்க விடமாட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை
அவர் நாற்காலியில் வேறொரு பையன்.
'சுதேவன் சேட்டனுக்குக் கல்லடைப்பு,
பாலக்காட்டு ஆஸ்பத்திரி' என்றான்,
சாவியை மேசையில் வைக்காமல் என் கையில் கொடுத்தான்.
சுருளில் முந்தின நாள் நான் விட்டுப்போனது
அப்படியே இருந்தது:
எண்பத்தொன்பது, நூற்று நாற்பத்துநாலு.

பொள்ளாச்சித் தேங்காய் லாரி ஒன்று
ஹாரன் அடித்துக்கொண்டே நிற்க,
எண்பத்தொன்பதை எண்பத்தொன்பதால் பெருக்கினேன்.
ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று.
நூற்று நாற்பத்துநாலில் ஐம்பத்தைந்து கழிந்து
ஒன்று நின்றது.
இன்று அதன் முறை, யாரும் வேண்டாம்.
என் நீல மையிலேயே எழுதினேன்.

எழுதிய கையோடு அடுத்ததையும் வைத்தேன்:
நூற்று நாற்பத்துநாலு, இருநூற்று முப்பத்துமூன்று.
நடுவில் இரண்டு விரல் இடம்.
இதற்குப் பழைய ஆள் வேண்டும்.
விடை எனக்குத் தெரியும்,
எழுதவில்லை.

லாரியை மேடைக்கு வரச் சொன்னேன்.